இலுபாபோரில் யிமரைத் தெரிந்தவர்கள்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "ஏதோ மாகாணம், மழை, ஆறு என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, யாரோ ஒருத்தி வீட்டு இழவைச் சொல்கிறாளே" என்று நீங்கள் மனத்தாங்கல் படக் கூடாது.

மாகாணத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இலுபாபோர். எத்தியோப்பியாவின் மேற்கு ஓரத்தில் இருந்த மாகாணம். மண் அங்கேயேதான் இருக்கிறது. ஆறுகள் இருக்கின்றன. பெயர்கூட ஒரு துண்டு நிலத்துக்கு மிச்சம் இருக்கிறது. மாகாணம்தான் இல்லை. ஆட்சி மாறியபோது அதைப் பிரித்து, மேட்டை ஒரு பக்கமும் பள்ளத்தை இன்னொரு பக்கமும் சேர்த்துவிட்டார்கள். அதன் நிலத்தையும் சரித்திரத்தையும் நாலு பக்கத்தில் எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

"இலுபாபோரின் கிழக்கே மேட்டுக் காடு, மேற்கே தாழ்ந்த புல்வெளி. இரண்டுக்கும் நடுவில், மேட்டின் விளிம்பில், விழுந்துவிடாமல் உட்கார்ந்திருக்கும் கோரே என்னும் ஊரில்—"

அங்கேயே நின்றுவிட்டது. கோரே என்று எழுதியதும் ஒப்ஸேயின் காப்பிக்கடை வந்துவிட்டது. கடை வந்ததும் அங்கே ஃபோன் அடித்தது. ஃபோனை வாக்கியத்துக்கு வெளியே வைக்க என்னால் முடியவில்லை, பிள்ளைகளே.

2

சும்மா விட்டுவிடவில்லை. இன்னும் இரண்டு தடவை தொடங்கிப் பார்த்தேன்.

சரித்திரத்திலிருந்து: "அந்தக் காலத்தில் இலுபாபோரின் காப்பிக்கொட்டை கோரேயில் மூட்டையாகி, கோவேறு கழுதை முதுகில் மேட்டை விட்டு இறங்கி, காம்பேலாத் துறையில் நீராவிக் கப்பலேறி, பாரோ ஆற்றின் வழியே சூடானுக்குப் போனது. ஆற்றில் தண்ணீர் நிறைந்த மாதங்களில் மட்டும்தான் கப்பல் வரும். மற்ற மாதங்களில் கோரே—"

[மற்ற மாதங்களில் கோரே காத்திருந்தது என்று எழுத வந்தேன். ஊர் எங்கே காத்திருக்கும்? ஆள்தான் காத்திருக்கும். அடித்துவிட்டேன்.]

மழையிலிருந்து: "இங்கே மழை பெய்யாத மாதம் என்று ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்."

இது பரவாயில்லை. ஆனால் இது என் வாக்கியமே இல்லை. எங்கள் தெருத் திரிங்கோ சொன்னது. அவள் அண்ணன் சொன்னதாக அவள் சொன்னது. ஆக மறுபடியும் அந்தக் கடைக்குள்தான் போய் விழுந்தேன். சரி, போவோம்.

3

அது புதன்கிழமை முற்பகல். ஒப்ஸே காப்பிக்கொட்டையை வாணலியில் வறுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெரிய உடம்புக்காரி. குரல் உடம்பைவிடப் பெரியது. அவள் கடையில் தெருவே உட்காரும். காப்பியைத் தனியாகக் குடிக்கிறவளை எங்கள் பக்கத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

"ஒப்ஸே அக்காவா? நான் திரிங்கோ அத்தையோட அண்ணன் மகன் பேசறேன். அஸ்ராத். வொல்லோவுலருந்து."

"சொல்லுப்பா. ஒங்க அத்தை இப்ப வந்துடுவா. அவ ஃபோனுக்கே அடிக்கலாமே, நேத்துதான் சார்ஜ் போட்டுக் குடுத்தேன்."

"வேணாம்."

அந்த ஒரு சொல் போதும் எங்கள் ஊரில். ஒப்ஸே வாணலியை இறக்கிவைத்தாள்.

"எப்ப?"

"நேத்து அடக்கம் பண்ணிட்டோம். வயல்லருந்து வந்து உக்காந்தாரு. எந்திரிக்கல. நீங்க ஆளுங்களோட போய்ச் சொல்லுங்கக்கா. தனியா இருக்கறப்ப அத்தை காதுல விழுந்துடக் கூடாது."

"அத நீ சொல்லணுமாப்பா. நீ அம்மாவப் பாத்துக்கோ."

ஃபோனை வைத்துத் திரும்பினால் வாசலில் திரிங்கோ நிற்கிறாள். மெலிந்த உடம்பு, தலையில் வெள்ளைத் துணி, அதன் ஓரம் மழையில் நனைந்திருக்கிறது.

"கொட்டை கருகிப்போச்சே ஒப்ஸே. ஃபோன்ல யாரு, மாப்பிள்ளையா?"

"ஆமா. கல்யாணத்துக்கு நாள் கேக்கறான்."

"குடுத்துடு. இந்த ஒடம்புக்கு இனிமே வேற ஆள் வரமாட்டான்."

ஒப்ஸே சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணனுக்கு அடிச்சு அடிச்சுப் பாக்கறேன், எடுக்கவே மாட்டேங்கறாரு," என்றாள் திரிங்கோ. "சனிக்கிழமை பஸ்ஸுன்னு சொல்லணும்ல. சொல்லாமப் போனா, வாசல்ல நிக்க வச்சே ஒரு நாள் பூரா திட்டுவாரு."

"அங்க டவர் விழுந்துடுச்சாம்."

"யார் சொன்னா?"

"ரேடியோல."

"ஒங்கிட்ட ரேடியோவே இல்லியே."

"பக்கத்து வீட்டு ரேடியோ. நீ உக்காரு, வேற கொட்டை வறுத்து மொதல் சுத்து போடறேன்."

திரிங்கோ உட்கார்ந்தாள். ஒரே தூளை மூன்று தரம் காய்ச்சி மூன்று சுற்றாகக் கொடுப்பது எங்கள் வழக்கம்; அன்றைக்கு மூன்று சுற்றுக் காப்பியும் இருந்து குடித்தாள். கடையில் அப்போது ஆட்கள் இருந்தார்கள், பேச்சு இருந்தது. இருந்தாலும் ஒப்ஸேக்குத் தான் மட்டும் ஆற்றின் அந்தக் கரையில் நிற்பதுபோல் இருந்தது.

4

[இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். திரிங்கோவின் மனதுக்குள் நான் போகப் போவதில்லை. கதை சொல்கிறவளுக்கு எந்த வீட்டுக் கதவும் திறந்துதான் இருக்கும், தெரியும். ஆனால் நான் உள்ளே போனால் எனக்குத் தெரிந்ததும் கூடவே போய்விடும். அதற்கு நேரம் வரவில்லை. அதனால் ஒப்ஸேயோடேயே நிற்கிறேன். நீங்களும் இங்கேயே நில்லுங்கள்.]

சாவைச் சொல்வதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. மெர்தோ என்போம். தூரத்தில் ஒருவர் இறந்தால், இங்கே இருக்கிற உறவுக்கு ஃபோனில் சொல்வதில்லை. ஒரே ஆளாகப் போய்ச் சொல்வதில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும், அவளுக்கு மட்டும் தெரியாது. ஒருநாள் விடியும் நேரத்தில், அவள் அடுப்பு மூட்டுமுன், வேண்டியவர்கள் ஒன்றாகப் போய் நிற்பார்கள். அவள் அழத் தொடங்கும்போது தாங்கக் கைகள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் முறை. அதுவரைக்கும் சொல்கிற பொய் எதுவும் பொய்க் கணக்கில் வராது.

(இதற்கு அடியில் ஒரு குறிப்பு: ஒருதரம் கன்று ஈனும் மாட்டுக்கு உதவி கேட்டு மூன்று பேர் விடியற்காலை ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். கதவைத் திறந்தவள் மூன்று முகத்தையும் பார்த்த மாத்திரத்தில் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்து, தன் அம்மா பெயரைச் சொல்லி அழுதாள். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் காலையில் கூட்டமாகப் போகிறவர்கள் தூரத்திலிருந்தே "மாட்டுக்குத்தான், மாட்டுக்குத்தான்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே போவார்கள்.)

அன்று சாயங்காலம் ஒப்ஸே மெர்காவைப் பார்க்கப் போனாள். மெர்கா எங்கள் தெரு இழவுச் சங்கத்தின் தலைவர். காம்பேலாவுக்கு லாரி ஓட்டி முதுகு போனவர். எதையும் சாலைக் கணக்கில்தான் பேசுவார்.

"சொல்லாம அனுப்பிடு," என்றார்.

"என்னண்ணே பேசறீங்க?"

"யோசிச்சுப் பாரு. சனிக்கிழமை பஸ் ஏறினா அடிஸ் அபாபா. அங்கருந்து தெஸ்ஸே. அங்கருந்து கிராமம். போய் எறங்கினா அவ சொந்தக்காரங்க இருக்காங்க. அண்ணன் பொண்டாட்டி, புள்ளைங்க, பொறந்த ஊரு. அவங்க கட்டிப் புடிச்சு அழுவாங்க. இங்க யாரு இருக்கா? நீயும் நானும்."

"அண்ணனுக்குன்னு வச்சிருக்கற தேன் டப்பாவத் தூக்கிட்டு, அவரப் பாக்கப் போறேன்னு பஸ்ல பக்கத்து சீட்டுக்காரிகிட்டல்லாம் சொல்லிக்கிட்டே போயி, எழவு வீட்டு வாசல்ல எறங்கணுமா?"

"தெரியாத வரைக்கும் சந்தோஷமாப் போவால்ல."

ஒப்ஸே உட்கார்ந்தாள். "எங்கம்மா போன செய்திய எனக்கு யாரு சொன்னா தெரியுமா?"

"தெரியாது."

"சந்தையில ஒரு வெங்காயக்காரன். எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டு துக்கம் விசாரிச்சான். என் கையில உயிரோட ஒரு கோழி. அழவா, கோழியப் புடிச்சுக்கவா? வீடு வந்து சேர்றவரைக்கும் கோழியத்தான் புடிச்சுக்கிட்டு வந்தேன். இன்னும் அந்த அழுகை சரியா வரலண்ணே."

மெர்கா சொன்னார்: "சரி. வெள்ளிக்கிழமை விடியல்ல போவோம். ஆனா அழறதுன்னா யாரை நெனச்சு அழுவோம்? நம்ம சங்கத்துல ஒருத்தன்கூட அவ அண்ணன் யிமரைப் பாத்ததில்ல. பாத்தவன் ஒருத்தனாவது வேணும். இல்லன்னா அது நாடகம்."

5

அவர் சொன்னது சரி. எங்கள் அழுகையில் பேச்சு உண்டு. இறந்தவர் எப்படி நடந்தார், யாருக்கு என்ன செய்தார், எந்த நிலத்தை உழுதார் என்று ஒருவர் எடுத்துச் சொல்லச் சொல்லத்தான் மற்றவர்கள் அழுவார்கள். எடுத்துச் சொல்ல, தெரிந்த ஒருவர் வேண்டும்.

யிமரைத் தெரிந்தவர்கள் இலுபாபோரில் ஏன் இல்லை? கட்டுரைக்காரி இங்கே கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும்.

வொல்லோவில் வானம் பொய்த்த வருஷத்தில் அரசாங்கம் ஜனங்களை அள்ளி மேற்கே கொண்டுவந்தது. வொல்லோவும் ஒரு மாகாணம்தான், நாட்டின் வடக்கே. அங்கே தண்ணீர் இல்லை, இங்கே காடும் மழையும் இருக்கின்றன என்பது வரைபடத்தில் பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. வரைபடத்தில் கொசு இல்லை. பாஷை இல்லை. ஏற்கெனவே அந்தக் காட்டில் மரத்துக்கு மரம் தேன்கூண்டு கட்டி வைத்திருந்தவர்களும் இல்லை. அப்படி அள்ளிக்கொண்டு வந்ததில் யிமர் ஒருவர். இருபது வயது இருக்கும். கூட, தங்கச்சி திரிங்கோ, சின்னப்பெண்.

வந்த முதல் மழையில் யிமர் ஒரு காரியம் செய்தார். திரிங்கோ இதைக் கடையில் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். மழை விழுந்ததும் பானையை வெளியே வைத்தார். நிறைந்தது. சட்டியை வைத்தார். தட்டை, கரண்டியை, அரசாங்கம் கொடுத்த தொப்பியை, கடைசியில் தன் செருப்பை. அடுத்த நாளும் பெய்தது. அதற்கடுத்த நாளும். பிடித்துவைக்கப் பாத்திரம் இல்லாமல் அவர் குடிசை வாசலில் உட்கார்ந்து அழுதார். இங்கத்து ஜனங்கள் வந்து பார்த்துவிட்டு, "வொல்லோக்காரனுக்குப் பைத்தியம்" என்று போனார்கள். அப்போதுதான் சொன்னாராம்: இங்கே மழை பெய்யாத மாதம் என்று ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று.

இன்னொன்றும் சொல்வாள். நம் காட்டில் கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோகையுமாக ஒரு குரங்கு இருக்கிறதே, அதை முதல் தரம் மரத்தில் பார்த்ததும் யாரோ துறவி தவம் இருக்கிறார் என்று நினைத்து யிமர் தலையைக் குனிந்து கும்பிட்டாராம். குரங்கு அவர்மேல் ஒன்றுக்கு இருந்துவிட்டுப் போயிற்றாம். "ஆசீர்வாதம் கெடைச்சுதுன்னு மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டாரு" என்று முடிப்பாள். கடையே சிரிக்கும்.

ஆட்சி மாறிய வருஷம் குடியேறியவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிப் போனார்கள். பலர் நடந்தே. திரிங்கோ அதற்குள் டொலோசாவைக் கட்டிக்கொண்டு கோரேக்கு வந்துவிட்டாள். நிறைமாதம். "கொழந்தையத் தூக்கிக்கிட்டு வா," என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். குழந்தை தங்கவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று அவள் அந்த வருஷம் போகவில்லை. பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது. டொலோசாவும் போய்ச் சேர்ந்த பிறகுதான் காரணம் தீர்ந்தது.

இதைத்தான் நான் மூன்று தடவையும் தொடங்கிய அந்தக் கட்டுரையில் "குடியேற்றமும் திரும்புதலும்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன்—

6

மெட்டுவில் ஒருவர் இருக்கிறார் என்று மெர்காவுக்கு நினைவு வந்தது. மெட்டு பக்கத்து ஊர்தான். தலைநகரம் என்ற பட்டத்தை கோரேயிடமிருந்து வாங்கிக்கொண்டு போன ஊர். பிறகு மாகாணமே போனதும் அந்தப் பட்டமும் போயிற்று. அங்கே அலெமு என்று ஒரு வொல்லோக்காரர் தங்கிவிட்டார், தையல் வேலை. வியாழக்கிழமை மெர்கா கிளம்பிப் போனார். திரும்பி வரும்போது ஒப்ஸே கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்காரா?"

"இருக்கான்."

"யிமரைத் தெரியுமாமா?"

"நல்லாத் தெரியுமாம். பக்கத்துப் பக்கத்துக் குடிசையாம்."

"அப்பாடா. வராரா?"

மெர்கா ஈரத் தொப்பியைக் கழற்றி உதறினார். "'அந்தக் கோடரித் திருடனுக்கா அழணும்?'னு கேக்கறான்."

"என்ன?"

"காடு வெட்டறப்ப அலெமுவோட கோடரிய யிமர் கடன் வாங்கினானாம். ஊருக்குத் திரும்பறப்ப கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டானாம். அத மொதல்ல சொல்லிட்டுத்தான் எனக்கு ஒக்காரவே எடம் குடுத்தான்."

"கோடரிக்காகவா இத்தன வருஷம்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'ஒனக்கு லாரி இருந்துச்சு, எனக்குக் கோடரிதான் இருந்துச்சு'ன்னான். அப்பறம் இன்னொண்ணும் சொன்னான். யிமரு வாயத் தொறந்தா சண்டையாம். யாரோடயும் ஒத்துப்போக மாட்டானாம். மழையில பானை வச்ச கதையச் சொன்னேன். 'அது யிமரா? பானை வச்சது நானு'ங்கறான்."

ஒப்ஸே அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "கொரங்கு?"

"அது யிமருதானாம். அதுல அவனுக்குச் சந்தேகமில்ல."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான். சிரிச்சுட்டு, கத்திரிக்கோல எடுத்து வெட்ட ஆரம்பிச்சுட்டான். வரேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. நான் கூப்பிடவும் இல்ல, வெள்ளிக்கிழமை விடியல்னு மட்டும் சொன்னேன். எழவு வீட்ல வந்து கோடரியக் கேட்டான்னா என்ன பண்ணுவே?"

7

எனக்கு இங்கே யிமர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும்.

திரிங்கோ சொல்லும் யிமர் சில நாள் உயரமாக இருப்பார், சில நாள் குள்ளமாக. ஒருநாள் அவர் பாட்டுக்காரர், இன்னொரு நாள் பேசவே மாட்டார். நாங்கள் யாரும் திருத்தியதில்லை. வருஷம் போகப் போக அவர் நல்லவராகிக்கொண்டே வந்தார். போகாமல் போன பயணத்துக்கெல்லாம் சேர்த்து அவள் அவரை நல்லவராக்கினாளோ என்னவோ. (உள்ளே போகமாட்டேன் என்று சொன்னேன். போகவில்லை. வாசலில் நின்று சொல்கிறேன்.)

மாகாணமும் அப்படித்தான். இலுபாபோரைப் பற்றி மெர்காவைக் கேட்டால், கோரேயிலிருந்து காம்பேலாவுக்கு இறங்கும் வளைவுகளைச் சொல்வார், காதடைத்துக்கொண்டு வெயில் ஏறுவதைச் சொல்வார். ஒப்ஸேயைக் கேட்டால் காப்பிக்காட்டைச் சொல்வாள். பள்ளத்தில் ஆற்றோரம் மாடு மேய்க்கிறவரைக் கேட்டால் "அது மேட்டுக்காரங்க வச்ச பேரு" என்று முடித்துவிடுவார். அலெமுவைக் கேட்டால் ஒரு கோடரி. எது சரித்திரம்? நான் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, முரணானதை அடித்து, மிஞ்சியதைப் பார்த்தேன். ஆறுகளின் பெயர்கள் மட்டும் மிஞ்சின. பாரோ, சோர், கெப்பா, பிர்பிர். அவற்றைத் தவிர யாரும் எதிலும் ஒத்துப்போகவில்லை.

இந்த மாகாணம் போன செய்தியையும் யாரும் கூட்டமாக வந்து எங்களுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் அலுவலகப் பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தது. கைகளில் அவரவர் கோழியைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தோம்.

8

முடிவுக்கு வருவோம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. மெர்கா சொன்னபடி விட்டுவிடுகிறார்கள். சனிக்கிழமை திரிங்கோ பஸ் ஏறுகிறாள். ஜன்னலில் இருந்து கை ஆட்டுகிறாள். பஸ் காட்டுக்குள் திரும்பியதும் தெரு முழுக்க உட்கார்ந்து அழுகிறது, அவளுக்குக் கேட்காத தூரத்தில். எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் அழுகை எங்களுக்கு, பஸ் அவளுக்கு. ஒப்ஸே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இரண்டு. கதவைத் தட்டினால் திரிங்கோ அமைதியாகத் திறந்து, "எனக்கு புதன்கிழமையே தெரியும், கருகின கொட்டை வாசனையிலேயே தெரிஞ்சுபோச்சு," என்கிறாள். இது உங்களில் பலருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் கண்ணுகளா. எனக்கும் பிடித்தது. அப்புறம் யோசித்தேன். அப்படி முடித்தால் தப்பிப்பது யார்? நாம்தான். சொல்ல வேண்டிய வேலை நமக்கு இல்லாமல் போய்விடும். அவளோ அந்த இரண்டு நாளும் தனியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு மூன்று சுற்றுக் காப்பி குடித்திருப்பாள். அந்தத் தனிமையை அவள் தலையில் ஏற்ற நான் தயாரில்லை. அடித்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. நிச்சயமாகத் தெரியாது.

மூன்றாவதை முடிக்கவில்லை. அது இது.

9

வெள்ளிக்கிழமை. விடிகிற நேரம். மேட்டின் விளிம்பிலிருந்து பனி ஏறி தெருவை மூடியிருக்கிறது. மழை நின்று நின்று தூறுகிறது.

ஒப்ஸே கடையில் கூடினோம். ஒப்ஸே, மெர்கா, சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர், பின்னால் நான். யாரும் காப்பி போடவில்லை. ஒப்ஸே முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"நீதான் முன்னால போகணும்," என்றார் மெர்கா. "ஒன் மூஞ்சி அவளுக்குப் பழக்கம்."

"என் மூஞ்சிய வச்சுக்கிட்டு மூணு நாளா பொய் சொல்லியிருக்கேன்."

"அதனாலதான் சொல்றேன். பழகிப்போச்சில்ல."

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரைப் பத்தி யாரு எடுத்துச் சொல்றது?" என்று அவளே கேட்டாள்.

"திரிங்கோ சொன்னதையே திரிங்கோவுக்குச் சொல்லுவோம்," என்றாள் ஒப்ஸே. "பானை, தொப்பி, செருப்பு. வேற என்ன இருக்கு நம்மகிட்ட."

"பானை அவரு வைக்கலன்னு அந்தத் தையக்காரரு—"

"அவரு வச்சாரு," என்றாள் ஒப்ஸே. குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "இந்த ஊர்ல யிமர்தான் வச்சாரு."

கிளம்பினோம். சேற்றில் செருப்புச் சத்தம் மட்டும். திரிங்கோவின் வேலியருகே வந்தபோது பனிக்குள் ஓர் உருவம் நின்றது. குடையில்லாமல், பழைய கோட்டும், கைத்தடியும், தோளில் நனைந்த வெள்ளைப் போர்வையும். மெட்டுவிலிருந்து முதல் வண்டியில் வந்திருக்க வேண்டும். அல்லது அதற்கும் முன்னால் யாராவது லாரிக்காரனைப் பிடித்து.

"வீடு இதுதானே?" என்றார் அலெமு.

"இதுதான்," என்றார் மெர்கா. "நீ எதுக்கு வந்தே?"

"நீ எதுக்கு என்கிட்ட வந்தே?"

"அழ வந்தியா, வழக்குப் பேச வந்தியா? அதச் சொல்லிட்டு உள்ள வா."

அலெமுவின் கண் சிவந்திருந்தது. அது தூக்கமின்மையாக இருக்கலாம், பனியாக இருக்கலாம், வயதாக இருக்கலாம். கடைசியில் சொன்னார்: "எங்க ஊர்ப் பேச்சுல யாராவது அழுது கேட்டு ரொம்ப நாளாச்சு."

மெர்கா ஒப்ஸேயைப் பார்த்தார். அனுப்பிவிடு என்று அந்தப் பார்வை சொன்னது. ஒப்ஸே அந்த நனைந்த ஆளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அங்கே நிற்கிற எங்களில் யிமரைக் கண்ணால் கண்ட ஒரே ஆள். அவரைத் திட்டுவதற்காவது அவருக்கு நிஜமான யிமர் ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு அதுவும் இல்லை.

"எம் பக்கத்துல நில்லுங்க," என்றாள்.

நின்றார்.

இதற்குமேல் எனக்குத் தெரியும், ஆனால் சொல்லப் போவதில்லை. கட்டுரையை இங்கே மூடிவைக்கிறேன். நீங்களும் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். கோரேயில் யிமரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். அதனால் நீங்கள் சும்மா பார்க்க வந்தவர்கள் இல்லை. இப்படி வந்து எங்களோடு நில்லுங்கள். செருப்பை ஓரமாக விடுங்கள். கதவு திறந்ததும் முந்திக்கொண்டு பேசாதீர்கள். அவள் விழுந்தால் தலை தரையில் படாமல் பிடித்துக்கொள்ளுங்கள். என்ன சொல்லி அழுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பானை வைத்தவரை நினைத்தா, கோடரியோடு போனவரை நினைத்தா, இல்லை, உங்களுக்கு யாரும் விடியலில் வந்து சொல்லாமல் போன வேறு யாரையாவது நினைத்தா. அதை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒப்ஸே தட்டினாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கால் தரையில் படும் சத்தம்.

"யாரது, இந்நேரத்துல?"

ஒப்ஸே வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மெர்கா தொப்பியைக் கழற்றினார். வொல்லோப் பேச்சில் பதில் சொல்வதற்காக அலெமு மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.